ஈயக்கட்டியோடு பறந்த விமானம்

ரேடியோ ரிப்பேர்க்காரனுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை வந்துவிட்டால் அன்றோடு கடையை இழுத்து மூடவேண்டியதுதான். அணைத்து வைத்த ரேடியோ தானாகப் பாடுகிறது, உள்ளே யாரோ முனகுகிறார்கள் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களைக் காலமெல்லாம் பார்த்தவன் நான், திறந்து பார்த்தால் சுவிட்சில் துரு இருக்கும், இல்லையென்றால் பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டிருக்கும், அவ்வளவுதான் பிசாசு. எங்கள் வீட்டிலும் ஜின் கதைக்குப் பஞ்சமில்லை, அத்தா சொல்வார், மாமி சொல்வார், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பப்போவதில்லை என்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை, உங்களை நம்ப வைக்கிற தெம்பு எனக்கும் இப்போது இல்லை.

கள்ளக்குறிச்சியில் அப்போதே எனக்குக் கடை இருந்தது. துபாயிலிருந்த மச்சான் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது ரிமோட் விமானத்துக்கான சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். விமானம் இல்லை, அதை ஓட்டுகிற சாமான்கள் மட்டும். கையில் பிடித்துக்கொள்ள நீள ஏரியல் வைத்த ஒரு பெட்டி, விமானத்துக்குள் வைக்க ஒரு சின்ன ரிசீவர், வாலை அசைக்க இரண்டு குட்டி மோட்டார், அதற்கு ஒரு பேட்டரி. கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தில்தான் இந்தப் பைத்தியம் ஆரம்பித்தது. இஞ்சினே இல்லாத விமானத்தை மலைச்சரிவில் பறக்கவிடலாம் என்று அதில் படம் போட்டிருந்தான். காற்று வந்து சரிவில் மோதினால் மேலேதான் ஏறியாக வேண்டும், அந்த ஏறுகிற காற்றில் இறக்கையை விரித்துப் போட்டால் காற்று நிற்கும்வரை அது இறங்காது. பருந்துக்கு இது பிறந்ததிலிருந்தே தெரியும், நமக்குத்தான் புத்தகம் வேண்டியிருக்கிறது.

எனக்கு இதில் கூட்டு செல்வராசு. வடக்கனந்தல்காரன், ஐ.டி.ஐ. முடித்தவன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறி உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். காத்திருக்கிறவனுக்கு வேறென்ன வேலை, என் கடைக்கு வந்து உட்காருவான். மூங்கிலைச் சீவி, தெர்மோகோலை அறுத்து, சிவப்புக் காகிதம் ஒட்டி, ஆள் நீளத்துக்கு இறக்கை செய்தது அவன்தான். எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது, பெட்டி என் கையில், விமானத்தை வீசுவது அவன். வீசுவதற்கும் ஒரு கை வேண்டும், என் கை அதற்கு ஆகாது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. திடீர் திடீரென்று சாலை மறியல் வரும், ராத்திரியோடு ராத்திரியாகப் புளியமரத்தைச் சாய்த்து ரோட்டில் போட்டுவிடுவார்கள், உளுந்தூர்பேட்டையில் லாரிகள் அப்படியே நிற்கும், எங்கள் ஊரில் ஷட்டர் இறங்கிவிடும். ஊருக்கே கஷ்டம், எங்களுக்கு மட்டும் லீவு. கடையடைப்பு என்றால் நாங்கள் மலைக்குப் போகிற நாள் என்று ஆகிப்போனது. என் வீட்டுக்காரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் நேரம் சரியாக இருந்தது.

செல்வராசுக்கு மலைக்கு வர இன்னொரு காரணமும் இருந்தது. அவன் ஆட்கள்தான் ரோட்டில் நின்றார்கள். போனால் கேஸ் விழும், கேஸ் விழுந்தால் வேலை உத்தரவுக்கு முன்னால் வருகிற போலீஸ் விசாரணையில் பெயர் அடிபட்டுவிடும். போகாவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது, எங்களுக்கும் சேர்த்துத்தானே கேட்கிறோம், உனக்கு மட்டும் உசத்தியா என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். அவன் போராட்டத்துக்கு எதிரி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை யாரும் பார்த்ததில்லை, கரும்பு வெட்டுகிற கூலி மட்டும்தான். போலீஸ் கண்ணிலும் படாமல், ஊர்க் கண்ணிலும் படாமல் ஒரு பகல் கழிந்தால் போதும் என்றுதான் அவன் என்னோடு மலையேறுவான்.

அன்றைக்கும் கடையடைப்பு, கிழக்கேயிருந்து மாசி மாதக் கொண்டல் காற்று. காலையில் எழுந்து பார்த்தபோதே மசூதித் தெருவில் கொடிகள் மேற்குப் பக்கம் விறைத்து நின்றன. கல்வராயன் மலையின் எங்கள் பக்கச் சரிவுக்கு அதுதான் வேண்டிய காற்று. அவசரத்தில் கிளம்பினேன், அங்கேதான் என் முட்டாள்தனம் நடந்தது. விமானத்தின் மூக்குக்குள் பேட்டரி உட்காரும், அதன் எடைதான் மூக்கைத் தாழ்த்திப் பிடிக்கும். பேட்டரி சார்ஜில் இருக்கும்போது விமானத்தின் சமநிலையைச் சரிபார்ப்பதற்காக அதே எடைக்கு ஓர் ஈயக்கட்டியை மூக்கில் வைத்துவிடுவேன். முந்தின நாள் வைத்த ஈயக்கட்டி அப்படியே உள்ளே இருக்க, பேட்டரி கடையில் சார்ஜரில் கிடக்க, விமானத்தை வேட்டியில் சுற்றிக் கட்டி சைக்கிளில் ஏறிவிட்டேன். இந்த வித்தை தெரிந்தவன்தான் இப்படி ஏமாற முடியும், தெரியாதவன் ஈயமே வைத்திருக்கமாட்டான், விமானம் லேசாக இருக்கிறதே என்று கண்டுபிடித்திருப்பான்.

வடக்கனந்தலில் செல்வராசு சேர்ந்துகொண்டான். வழியில் இரண்டு இடத்தில் மரம் கிடந்தது, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு போனோம். மூட்டையில் என்ன என்று கேட்டவர்களிடம் பட்டம் என்று சொன்னேன், சிரித்துவிட்டு விட்டார்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ரோட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போதே எனக்குக் கால் விட்டுப்போயிற்று. ஒரு வளைவை ஒட்டி மொட்டைப் பாறை ஒன்று உண்டு, கீழே கோமுகி அணைத் தண்ணீர் தெரியும், காற்று நேராக நெஞ்சில் வந்து இடிக்கும். அங்கேதான் எப்போதும் நிற்போம். தூரத்தில் சமவெளியில் நாலைந்து இடத்தில் டயர் எரிகிற கரும்புகை மேற்கே சாய்ந்து வந்துகொண்டிருந்தது.

இறக்கையை மாட்டி ரப்பர் வளையத்தால் இறுக்கினோம். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால் மூக்கும் வாலும் தராசு மாதிரி நிற்க வேண்டும், நின்றது, ஏன் நிற்காது, எடை சரியாகத்தானே இருந்தது. அடுத்தது சுவிட்சைப் போட்டு வால் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் வளைவில் ஜீப் வந்து நின்றது.

கீழே ரோடு அடைபட்டதால் மலையிலேயே மாட்டிக்கொண்டிருந்த போலீஸ் ஜீப். ஓர் இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் இறங்கினார்கள். அந்த இன்ஸ்பெக்டரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தூங்கிப் பல நாள் ஆன முகம், சட்டையெல்லாம் புழுதி, கண் இரண்டும் வெந்துபோய்க் கிடந்தன. மலைமேல் இருந்துகொண்டு யாரோ வயர்லெஸ்ஸில் மறியல்காரர்களுக்குப் போலீஸ் வருகிற சேதி சொல்கிறார்கள் என்று அவருக்குத் தகவல் வந்திருக்கிறது. வந்து பார்த்தால் நீள ஏரியல் வைத்த பெட்டியோடு இரண்டு பேர் நிற்கிறோம். கெட்ட நேரம் வந்தால் ஒட்டகத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாலும் நாய் கடிக்கும் என்பார்களே, அதுதான்.

பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "யாருக்குய்யா சேதி சொல்லிக்கினு இருக்கீங்க?" என்றார்.

செல்வராசு விமானத்தைக் காட்டி, விளையாட்டுச் சாமான் என்றான். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னான், அவ்வளவுதான், அவர் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்து இவன் பெயரை எழுது என்றார். எனக்குக் கேஸ் விழுந்தால் கடை கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும், பிறகு திறந்துவிடுவேன். அவனுக்கு அப்படி இல்லை. அவன் முகம் செத்துவிட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு, துபாய், மச்சான், புத்தகம், காற்று என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் பாறைமேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார். பாதம் வீங்கியிருந்தது.

"வுட்டுக் காட்டு," என்றார். "நேரா போனா அது காயித அம்பு. நான் சொல்ற பக்கம் திரும்பணும். திரும்பலேன்னா ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க."

அப்பாடா என்று விமானத்தை வாங்கி, சுவிட்சைப் போட மூக்கைத் திறந்தேன். உள்ளே ஈயக்கட்டி சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பேட்டரியை மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மாட்டிக்கொண்ட எவனும் சொல்கிற பதில் அதுதான், நீங்களே இன்ஸ்பெக்டராக இருந்தால் நம்புவீர்களா. மூக்கை மூடினேன். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன், வீசினால் கொஞ்சதூரம் நேராகப் போகும், பிறகு காற்று அதைத் திருப்பிப் பாறையில் அடிக்கும், உடைந்து கிடக்கிற பொம்மையைப் பார்த்தாலாவது மனிதர் மனம் இரங்கலாம். செல்வராசிடம் எதுவும் சொல்லவில்லை, விமானத்தைக் கொடுத்தேன். அவன் பாறை விளிம்புக்குப் போய் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்ஸ்பெக்டர் பெட்டியை இன்னும் கொஞ்சம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். சுவிட்சைப் போட்டு ஏரியலை இழுத்தேன். வெறுங்கையால் முழம் போடப் போகிறோம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ம் என்றேன், அவன் வீசினான்.

நேராகப் போயிற்று, காற்று தூக்கியது, மேலே ஏறியது. நான் விழுவதற்காகக் காத்திருந்தேன்.

"சோத்தாங்கைப் பக்கம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பெட்டியிலிருந்த குச்சியை வலது பக்கம் தள்ளினேன். விமானம் இறக்கையைச் சாய்த்து, பதறாமல், நல்ல நாளில் எப்படித் திரும்புமோ அப்படி வலது பக்கம் திரும்பியது.

காற்றுதான் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள், ஒரு தடவை காற்று திருப்பும், அதில் அதிசயம் இல்லை. பீச்சாங்கைப் பக்கம் என்றார். திரும்பியது. அடுத்து அது எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. விமானம் நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நமக்கு இடது, எத்தனை நாள் பழகினாலும் பதற்றத்தில் கை மாறிவிடும், இந்த விளையாட்டில் பாதி விமானம் உடைவது அதனால்தான். அவர் மறுபடி சோத்தாங்கைப் பக்கம் என்று தன் வலது கையை நீட்டிக் காட்டினார், என் கை பழக்கதோஷத்தில் தப்பான பக்கம் தள்ளிவிட்டது. விமானம் என் கையைக் கேட்கவில்லை. அவர் நீட்டிய பக்கம் திரும்பியது.

அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. இரண்டு கட்டைவிரலையும் குச்சியிலிருந்து எடுத்துவிட்டேன், பெட்டியைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன். மேல ஏத்து என்றார், ஏறியது. ஒரு சுத்து சுத்தட்டும் என்றார், சுற்றியது. அவருக்கு என் கையைப் பார்க்கத் தோன்றவில்லை, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீங்கின காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, அந்த மனிதர் சிரித்தார். கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து எத்தனை நாளாயிற்றோ. எனக்கோ ஓத வேண்டியது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அஸர் தொழுகை நேரம் ஆகியிருக்கும், வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கிவிட்டது. இன்ஸ்பெக்டர் ஷூவை மாட்டிக்கொண்டே, "மலைக்கு அந்தாண்ட ஒரு தபா போய் வரச் சொல்லு, பாப்போம்," என்றார்.

வேண்டாம் சார் என்றேன். அந்தப் பக்கம் காற்று கீழே விழும், கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டவும் முடியாது, போனால் வராது என்றேன். நான் சொல்லி முடிக்கவில்லை, விமானம் ஏற்கெனவே திரும்பிவிட்டது. எங்கள் தலைக்குமேல் ஓசையோடு கடந்து, மரங்களுக்கு மேலாகப் போய், முகட்டுக்குப் பின்னால் மறைந்தது. சிவப்பு இறக்கையை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

நின்றோம். வரவில்லை. இன்ஸ்பெக்டருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. பொம்மைதானே, வேறு ஒன்று செய்துகொள்ளுங்கள் என்று முணுமுணுத்தார். பிறகு கான்ஸ்டபிளிடம், "அவன் பேர அடிச்சிடு," என்றார். ஜீப் போய்விட்டது. செல்வராசு பாறையிலேயே குந்தி உட்கார்ந்து அழுதான், பெயர் தப்பியதற்காக அழுகிறான் என்று நினைத்தேன், நானும் அழுதேன். ஈயக்கட்டியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்று ஒரு பயம்.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குத்தான் போனேன். பேட்டரி அங்கே இருக்கக்கூடாது, எனக்குத்தான் புத்தி பிசகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பின்கதவைத் திறந்தேன். இருந்தது. சார்ஜரில், வைத்தது வைத்தபடி, இளஞ்சூட்டோடு.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மலைக்கு அந்தப் பக்கம் போய்த் தேடினோம். மலைக்காரர்களிடம் கேட்டோம், ஆடு ஓட்டுகிறவர்களிடம் கேட்டோம். பச்சைக் காட்டில் ஆள் நீளச் சிவப்புக் காகிதம் விழுந்தால் தெரியாமலா போகும். ஒரு மூங்கில் சிம்புகூடக் கிடைக்கவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன், இன்னொரு விமானம் செய்யலாம் என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

செல்வராசுக்கு உத்தரவு வந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் அவன்மேல் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் வேலை, கல்யாணம், பிள்ளைகள், சொந்தமாக மாடிவீடு. தம்பிகளைப் படிக்க வைத்தான். அவன் நன்றாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதியும் வரும், கூடவே ஓர் அலுப்பும் வரும், யாருக்கோ பதில் சொல்லவேண்டியிருக்கிறது, யாருக்கென்று தெரியவில்லை என்கிற மாதிரி. இதை வேறு சிலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாய் வயசான காலத்தில் கதை விடுகிறார் என்று போய்விடுவார்கள். அவனிடம் மட்டும் சொன்னதில்லை.

ஓய்வுபெற்ற பிறகு போன வருஷம் கடைக்கு வந்தான். இப்போது ரேடியோ யார் ரிப்பேருக்குக் கொண்டுவருகிறார்கள், மிக்ஸியும் ஃபேனும்தான் வருகின்றன. ஒரு மத்தியானம், ஆளில்லாத நேரம், சொல்லிவிட்டேன். அன்றைக்கு உள்ளே பேட்டரி இல்லடா, ஈயம்தான் இருந்தது என்றேன். அவன் ஆச்சரியப்படுவான் என்று பார்த்தேன். படவில்லை.

"எதுவோ சரியில்லன்னு எனக்கு அப்பவே தெரியும், பாய்," என்றான். "விளிம்பாண்ட நின்னுக்கினு இருந்தேன் இல்ல, வாலுகிட்ட என் கட்டைவெரலு. அந்த வால் பலகை என் வெரலத் தள்ளிக்கினே இருந்துச்சுங்க. பொட்டி அப்ப உங்க கையில இல்ல. அவரு கையில இருந்துச்சு, ஏரியல்கூட இழுக்கல."

காற்றாக இருக்கும் என்றேன்.

"காத்துன்னா ஒரு பக்கமாத் தள்ளும். இது இந்தாண்ட ஒருவாட்டி, அந்தாண்ட ஒருவாட்டி. மெதுவா. வாணாம் வாணாம்னு தலையாட்டற மாதிரி." தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான். "எனக்கு வேல வோணும் பாய். வீசிட்டேன்."

அவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனான்.

கடையில் ஒரு டேபிள் ஃபேன் இருக்கிறது, பார்க்கிறீர்கள் அல்லவா. நல்ல ஃபேன், ஒரு குறையும் இல்லை. செல்வராசு வந்து போனதிலிருந்து அதன் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பாதபடி பின்னால் இருக்கிற குமிழை மேலே இழுத்துவிட்டு வைத்திருக்கிறேன். புழுக்கமாக இருந்தால் நாற்காலியை இப்படி நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள்.